மங்கிக் கிடக்கும் கல்லை மறுபடி பட்டை தீட்டலாமா?

ஜனவரி 6, ஈரோட்டு வாசகி ஒருவரின் கேள்வி

காங்கேயத்தில் வாங்கிய அக்வாமரைன், வெளிர்நீலக் கல். நீள்வட்டம், 3.4 கேரட். வாங்கும்போது நல்ல தெளிவு, நல்ல நிறம். மோதிரத்தில் கட்டிப் போட்டதிலிருந்து நடுவில் வெறுமையாகத் தெரிகிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மினுக்கம். நகைக்கடையில் "மறுபடி பட்டை தீட்டிருங்க, ஜொலிக்கும்" என்கிறார்கள். ஒரு கேரட் போல குறையுமாம். என் மாமனார் "காசு குடுத்து வாங்குன கல்ல யாராச்சும் காசு குடுத்துத் தேய்ப்பாங்களா" என்கிறார். என்ன செய்வது?

ஜனவரி 6, இரவு

அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கழுவுங்கள்.

பின்பக்கம் திறந்த மோதிரமாக இருந்தால், போட்ட சில வாரத்திலேயே கல்லின் அடியில் சோப்பு, தேங்காய் எண்ணெய், மாவு எல்லாம் படிந்துவிடும். கல்லின் வெளிச்சம் திரும்புவதே அடிப்பட்டைகளில்தான். அங்கே எண்ணெய்ப் படலம் இருந்தால் எவ்வளவு நல்ல கல்லும் செத்துப்போய்த் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய மெல்லிய பல் துலக்கியால் பின்பக்கமாகத் தேயுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். நகைக்கடையில் இருக்கும் அதிர்வுத் தொட்டியிலும் போடச் சொல்லாதீர்கள், உள்ளே விரிசல் இருந்தால் பெரிதாகிவிடும்.

கழுவிவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். கடை விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும், அதை நம்ப வேண்டாம்.

ஜனவரி 7

கழுவியதும் "பாதி உயிர் வந்தது, நடு மட்டும் அப்படியேதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடுத்த சோதனை. மோதிரத்தைச் செய்தித்தாளின் மேல் வைத்து நேர் மேலேயிருந்து பாருங்கள். நடுவில் எழுத்து படிக்க முடிகிறதா? முடிந்தால் மேலேயிருந்து போகும் வெளிச்சம் திரும்பாமல் அடி வழியாக வெளியே போய்விடுகிறது. கடை வீதியில் இதை விண்டோ என்பார்கள். நான் ஜன்னல் என்றே எழுதுகிறேன்.

மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எழுத்து தெரிந்தால் அடி தட்டை. எழுத்து தெரியாமல் கன்னங்கரேலென்று இருந்தால் அடி அளவுக்கு மேல் ஆழம். இரண்டும் இல்லாமல் முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் உள்ளேயே மேகம் இருக்கிறது, அல்லது மேல்பட்டைகள் தேய்ந்திருக்கின்றன. முதல் இரண்டையும் சாணையில் சரிசெய்யலாம். மேகத்தை யாராலும் எடுக்க முடியாது. தேய்ந்த மேல்பட்டைக்கு மறுமெருகு போதும், எடை பெரிதாகப் போகாது.

ஜனவரி 7, சாயங்காலம்

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நேர் மேலேயிருந்து என்று சொன்னதை அழுத்திப் படியுங்கள். கோபியிலிருந்து ஒருவர் தன் வீட்டுக் கல் அத்தனையிலும் ஜன்னல் இருக்கிறது என்று பதறி எழுதியிருக்கிறார். அவர் சாய்த்துப் பார்த்திருக்கிறார். அக்வாமரைன், செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்), காக்காநீலம் (அயோலைட்) எல்லாம் ஒளியைக் குறைவாக வளைக்கும் கற்கள், எவ்வளவு நன்றாகத் தீட்டினாலும் சாய்த்தால் ஒரு பக்கம் ஊடே தெரியும். அது குறையில்லை. நீள்வட்டக் கல்லில் இன்னொன்றும் உண்டு. அகலவாக்கில் அடிப்பட்டைகள் சரியான சரிவில் இருந்தாலும் நீளவாக்கில் சரிவு குறைந்துதான் வரும். அதனால் இரு முனைப்பக்கமும் கொஞ்சம் வெளுப்பு இருப்பது சகஜம்.

ஜனவரி 10

பொள்ளாச்சி நண்பர் கேட்கிறார்: "வைரத்துக்கு இந்தத் தொந்தரவே இல்லையே, அதே மாதிரி இதையும் தீட்டச் சொன்னால் என்ன?"

அதே மாதிரி தீட்டினால் நடக்காது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எல்லைக் கோணம் உண்டு. உள்ளே போன வெளிச்சம் அடிப்பட்டையில் அந்தக் கோணத்தைவிடச் சாய்வாக மோதினால்தான் திரும்பி மேலே வரும், இல்லையென்றால் வெளியே போய்விடும். வைரத்துக்கு அது சுமார் 24 பாகை, நீலக்கல்லுக்கு 34, 35 பாகை. அக்வாமரைனுக்கு 39, 40 பாகை, ஸ்படிகத்துக்கும் காக்காநீலத்துக்கும் 40க்குக் கொஞ்சம் மேல். அதனால் அக்வாமரைனின் அடிப்பட்டைகள் 42, 43 பாகைச் சரிவிலாவது நிற்க வேண்டும். 35 பாகையில் படுத்துக் கிடந்தால் நடு முழுக்க ஜன்னல்தான்.

பட்டை தீட்டுபவர்களுக்கு இது தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல் கேரட் கணக்கில் விற்கிறது. தட்டையான முரட்டுக்கல் கையில் கிடைத்தால், மேலேயிருந்து தெரியும் முகம் பெரிதாக வரவும் எடை போகாமலும் இருக்க அடியைத் தட்டையாகவே விட்டுவிடுகிறார்கள். தடித்த முரட்டுக்கல்லாக இருந்தால் அடிவயிறு தொங்க விடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் தராசு. நாமும் கடையில் உட்கார்ந்து முதலில் கேட்பது "எத்தன கேரட்டுங்க?" என்றுதானே.

ஜனவரி 12

நேற்று இரவெல்லாம் இதே நினைப்பு. "ஒரு கேரட் போகும்" என்பதை வைத்து முடிவெடுக்கவே கூடாது. எடை குறைவது வேறு, முகம் குறைவது வேறு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடிவயிறு தொங்கும் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆழத்தைக் குறைத்தால் எடை போகும், ஆனால் மேலேயிருந்து பார்க்கும் அகலம் அப்படியே இருக்கும். போன எடையைக் கண் கவனிக்கவே கவனிக்காது. கல்லும் விரலில் இடிக்காமல் தாழ உட்காரும்.

தட்டைக் கல்லில் கதை தலைகீழ். ஆழத்தைப் புதிதாகச் சேர்க்க முடியாது. இருக்கிற ஆழத்துக்குள் சரிவைக் கூட்ட வேண்டுமென்றால் கல்லைச் சுற்றிலும் உள்ளே ஒடுக்க வேண்டும். வட்டக்கல் ஒன்று, குறுக்களவு 10 மில்லிமீட்டர், அடிச்சரிவு 35 பாகை. அடி ஆழம் மூன்றரை மில்லிமீட்டர். அதே ஆழத்தில் 42 பாகை கொண்டுவந்தால் குறுக்களவு 7.8 மில்லிமீட்டராகிவிடும். மேலே தெரியும் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போகும். கண்ணுக்கு அது வேறு கல்.

ஆகவே வாசகிக்கு என் கேள்வி: கல்லின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து சொல்ல முடியுமா? மோதிரத்திலிருந்து கழற்றாமல் ஆழம் சரியாக வராது. பத்தரிடம் கொடுத்துக் கழற்றி அளந்தால் நல்லது.

ஜனவரி 16

பொங்கலுக்கு அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்குப் போய்விட்டு வந்தேன். காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பக்கம்.

அந்தப் பக்கத்துக் காடுகளில் ஒரு நல்ல மழை பெய்து, உழவும் ஓட்டியிருந்தால் இன்றைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கிற ஆட்களைப் பார்க்கலாம். அப்புச்சி மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு மாடம் வைத்திருந்தார், அது நிறையக் கற்கள். பாதிக்கு மேல் வெறும் ஸ்படிகம். அவருக்கு அது தெரியும், தெரிந்தே வைத்திருந்தார். "மண்ணு குடுத்தத வீசக்கூடாது கண்ணு" என்பார்.

படியூரின் பச்சைநீலக் கல், அதாவது நம் அக்வாமரைன், நேற்று முளைத்த சரக்கில்லை. நொய்யல் கரையில், சென்னிமலைக்கு அந்தப் பக்கம் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் அங்கே அகழாய்வுகள் நடந்திருக்கின்றன. முரட்டுக்கல், பாதி செதுக்கியது, துளையிட்டது, மெருகேற்றியது, உடைந்து கழிந்த சில்லு என்று மணி செய்யும் வேலையின் எல்லா நிலைகளும் ஒரே ஊரில் கிடைத்தன. பச்சைநீலக் கல் படியூரிலிருந்தும் நீலக்கல் சிவன்மலைப் பக்கமிருந்தும் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பதும் பலரும் ஏற்ற கருத்து.

இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. ரோமாபுரியின் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து வரும் இதே வகைக் கல்லைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயம் குறிப்பிடுகிறார்: அதை அறுபட்டையாகத் தீட்டுகிறார்கள், வழுவழுவென்று விட்டால் நிறம் செத்துக் கிடக்கும், பட்டை முனைகளில் ஒளி பட்டுத் திரும்பினால்தான் உயிர் வரும் என்று. ஈரோட்டு வாசகி கேட்டதும் இதைத்தானே? இந்தக் கல்லுக்கு நிறம் மென்மை. அதைத் தூக்கிக் காட்டுவது பட்டைதான். நீலக்கல்லோ மாணிக்கமோ மோசமான பட்டையிலும் நிறத்தை வைத்துத் தப்பித்துக்கொள்ளும். அக்வாமரைனால் முடியாது.

ஜனவரி 19

"நீங்கள் யாருக்காவது செய்து பார்த்திருக்கிறீர்களா, சும்மா கணக்கு மட்டும் சொல்கிறீர்களா?" என்று சேலத்துத் தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் கல்லுக்கே செய்தேன்.

அப்புச்சி மாடத்திலிருந்து என் கல்யாணத்துக்கு வந்த அக்வாமரைன் அது. முன்பே யாரோ நீள்சதுரமாகப் பட்டை போட்டிருந்தார்கள், நடுவில் நல்ல அகலமான ஜன்னல். வெகுகாலம் பீரோவில் கிடந்தது. காங்கேயத்தில் வயதான ஒருவர் வீட்டுத் திண்ணையை அடைத்துப் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன்.

கல்லை வாங்கியதும் அவர் விளக்கைப் போடவில்லை. வாசல்படிக்கு வந்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நகத்தால் இடுப்பைத் தடவினார். கல்லின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் விளிம்பைத்தான் இடுப்பு என்கிறேன். "இங்க சதை இருக்குதுங்க அம்மிணி" என்றார். விளிம்பு தடிமனாக விடப்பட்டிருந்தது. அந்தத் தடிமனுக்குள்ளேயே அடிச்சரிவைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்ளலாம், முகத்தை அதிகம் ஒடுக்க வேண்டியதில்லை என்று விளக்கினார். பாதி போய்விடும் என்று பயந்துகொண்டு போனவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

சின்ன அடுப்பில் அரக்கை இளக்கி, குச்சி நுனியில் உருட்டி, கல்லையும் லேசாகச் சூடுகாட்டி ஒட்டினார். நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று குச்சியை விரலிடையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். அரக்கு ஆறியபின் செப்புத் தட்டில் வைரப்பொடி. ஒரு பட்டைக்குச் சில நொடிதான், உடனே எடுத்து வேட்டி மடிப்பில் துடைத்து, கண்ணாடி வைத்துப் பார்ப்பார். மறுபடி தட்டில் வைப்பார். கல் உராயும் சத்தம் மாறும்போது அவர் முகமும் மாறும். எதையும் வேகமாகச் செய்யவில்லை. மெருகுக்கு வேறு தட்டு, வேறு பொடி.

எடை கால்பங்கு போல குறைந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது. இப்போது தினமும் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் காங்கேயத்துக்குக் கிளம்புகிற மாதிரித் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். என் கல்லின் நிறத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஜன்னல் மூடினால் வெளிச்சம் கல்லுக்குள் இரண்டு முறை பயணம் செய்து வருகிறது, அதனால் நடுவில் நிறம் கூடித் தெரியும். கல் சிறிதானால் பயணத்தூரம் குறையும், அதனால் நிறம் தணியும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எந்தப் பக்கம் சாயும் என்பது கல்லைப் பொறுத்தது. என் கல்லில் முகம் முழுக்க நிறம் சமமானது, ஆனால் ஓரங்களில் முன்பிருந்த அந்த ஆழ்ந்த நீலம் இப்போது இல்லை. மொத்தத்தில் எனக்குத் திருப்தி. ஆனாலும் வெளிர்நிறக் கல்லை வைத்துக்கொண்டு "மறுபட்டை போட்டால் நிறம் ஏறிவிடும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

ஜனவரி 27

காக்காநீலம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கரூர், காங்கேயம் பக்கம் விலை மலிவாகக் கிடைப்பதால் நிறையப் பேர் வீட்டில் இருக்கும்போல.

அந்தக் கல்லுக்கு ஒரு பக்கம் பார்த்தால் ஊதாநீலம், வேறு பக்கம் திருப்பினால் வெளிறிய சாம்பல்மஞ்சள். கல்லின் இயல்பே அது. படிகத்தின் நீளவாக்கில் பார்த்தால்தான் நல்ல நீலம். அந்தத் திசை முகத்துக்கு வரும்படி தீட்ட வேண்டும். ஆனால் முரட்டுக்கல் நீளமாக இருந்தால், எடை பார்க்கிறவர் கல்லைப் படுக்கவைத்தே தீட்டிவிடுவார். நீலம் பக்கவாட்டுக்குப் போய்விடும், முகத்தில் மங்கல்.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. கோணம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஜன்னல்கூட இல்லை. திசைதான் தவறு. இதற்கு மறுபட்டை என்றால் கல்லையே திருப்பிப் போட்டுப் புதிதாகத் தீட்டுவதாகும். அதே பெரியவரிடம் காட்டினேன். "இதுல கை வெச்சா பாதிக்கு மேல போயிருமுங்க. வேண்டாமுங்க, உட்டுருங்க" என்றார். கூலி வரும் வேலையை வேண்டாம் என்று சொன்னவரின் பேச்சுக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். கல்லைத் தோடாகவோ மோதிரமாகவோ செய்யாமல், பக்கம் திறந்த தொங்கலாகக் கட்டிக்கொண்டேன். கழுத்தில் ஆடும்போது ஓரத்திலிருந்து நீலம் வந்துவந்து போகிறது.

நீலக்கல்லிலும் திசை உண்டு, படிகத்தின் நடு அச்சுவழியாகப் பார்த்தால் நல்ல நீலம். அக்வாமரைனுக்கு அது நேர்மாறு, அச்சுக்குக் குறுக்காகப் பார்த்தால்தான் நிறம். ஆக உங்கள் கல் ஏமாற்றமாக இருந்தால், சரிவு தவறா திசை தவறா என்று முதலில் கண்டுபிடியுங்கள். சரிவு தவறென்றால் யோசிக்கலாம். திசை தவறென்றால் பெரும்பாலும் விட்டுவிடுவதே நல்லது.

பிப்ரவரி 2

நீலக்கல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இது ரொம்ப முக்கியம்.

என் பெரியம்மா மகனுக்குச் சனிக்காக ஒரு நீலம் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல கல், இலங்கைச் சரக்கு, அடிவயிறு கொஞ்சம் தொங்கும், மோதிரம் விரலில் உருண்டுகொண்டே இருக்கும். அதைத் தாழ்த்தித் தரச் சொல்லி வெளியூரில் ஒருவரிடம் கொடுத்தான். அவர் அடியைச் சுத்தமாக, சமமாகத் தீட்டிக் கொடுத்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. கல் மட்டும் வெளுத்துப்போய் வந்தது.

நடந்தது இதுதான். நீலக்கல்லில் நிறம் எங்கும் ஒரே மாதிரி பரவியிருக்காது. பல கற்களில் ஒரு மூலையில்தான் நீலம், மீதி கிட்டத்தட்ட வெள்ளை. இலங்கைப் பட்டைக்காரர்கள் அந்த நீலப் பொட்டைக் கல்லின் அடி முனையில் வரும்படி வைத்துத் தீட்டுவார்கள். மேலேயிருந்து பார்த்தால் பட்டைகள் அந்த ஒரு பொட்டையே கல் முழுக்கக் காட்டும். அவலட்சணமாகத் தொங்கிய அந்த வயிறுதான் கல்லின் நிறமே. அதைத் தேய்த்து எடுத்தாகிவிட்டது.

கண்டுபிடிப்பது சுலபம். கல்லைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் வையுங்கள், அல்லது வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மூழ்கவைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நிறம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அடியில் மட்டும் இருந்தால் அடியைத் தொடவே கூடாது.

ராசிக்கல்லாகப் போடுபவர்களுக்கு எடையும் ஒரு கணக்கு. ஜோசியர் இத்தனை ரத்தி என்று சொல்லித்தான் வாங்கியிருப்பீர்கள். மறுபட்டைக்குப் பிறகு அதற்குக் கீழே போகலாம். சில குடும்பங்களில் பூஜை செய்து போட்ட கல்லில் சாணை வைக்கவே மாட்டார்கள். அந்த மனசை மதிக்காமல் பெரியவர்களிடம் கோணக் கணக்கு பேசாதீர்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு அப்புறம் பட்டறைக்குப் போங்கள்.

பிப்ரவரி 3

விட்டுப்போனது: கண்ணாடி நிரப்பிய மாணிக்கம், எண்ணெய் ஏற்றிய மரகதம், மேற்பரப்பில் மட்டும் நிறம் ஊட்டிய நீலம். இந்த மூன்றையும் மறுபட்டைக்குக் கொடுக்காதீர்கள். மாணிக்கத்தில் நிரப்பியிருக்கும் கண்ணாடி கல்லைவிட மிருது, சாணையில் பள்ளம் விழும். மரகதத்தில் அரக்குச் சூட்டுக்கே எண்ணெய் கசிந்து, மறைந்திருந்த விரிசல் எல்லாம் வெளியே வரும். நிறம் ஊட்டிய நீலத்தில் மேல்தோல் போனால் நிறமும் போகும். சந்தேகமிருந்தால் முதலில் சோதனைக்கூடத்தில் காட்டுங்கள். அங்கே ஆகும் செலவு கல்லை இழப்பதைவிடக் குறைவு.

பிப்ரவரி 11

ஈரோட்டு வாசகியின் அளவு வந்துவிட்டது. 12க்கு 10, ஆழம் 5. இடுப்பு தடிமன் என்று பத்தர் சொன்னாராம். பக்கவாட்டுப் படமும் அனுப்பியிருக்கிறார்.

ஆழம் அகலத்தில் பாதிதான். அக்வாமரைனுக்கு அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்காவது ஆழம் வேண்டும். முழுக்கச் சரிசெய்ய வேண்டுமென்றால் அகலம் 8க்கு வந்துவிடும், எடை 2 கேரட் சொச்சம்தான் நிற்கும். அதாவது கடையில் சொன்ன "ஒரு கேரட்" என்பது குறைத்துச் சொன்னது. எனக்கு இது பிடிக்கவில்லை. என் பதில்: வேண்டாம்.

பிப்ரவரி 12

நேற்றைய பதிலை மாற்றிக்கொள்கிறேன். சிவன்மலைத் தைப்பூசக் கூட்டத்தில் நின்றுகொண்டே அந்தப் படத்தை மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். இடுப்பில் நல்ல சதை இருக்கிறது, மேல்பாதியும் தேவைக்கு மேல் உயரம். இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அடிக்குக் கொடுக்கலாம். மேல்பாதியைத் தாழ்த்தினால் பளபளப்பின் சிதறல் சற்றுக் குறையும், ஆனால் ஜன்னல் பெருமளவு மூடும். அகலம் 9 வரைக்கும் நிறுத்தலாம், எடை இரண்டரை கேரட் அளவில் நிற்கும். 41 பாகைச் சரிவு, எல்லைக்குக் கொஞ்சம் மேலே. நேர் மேலேயிருந்து பார்த்தால் உயிர் இருக்கும், சாய்த்தால் ஊடே தெரியும், முனைகளில் கொஞ்சம் வெளுப்பு நிற்கும்.

முழு ஜன்னலும் மூட வேண்டும் என்று அடம்பிடிக்காமல், பாதியாவது மூடினால் போதும் என்று போனால் இந்தக் கல்லில் வழி இருக்கிறது. நேற்று அந்த நடுவழியை நான் யோசிக்கவில்லை.

பிப்ரவரி 18

விலை பற்றி நண்பர்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது. என் எண்ணம்: விற்பதற்காக மறுபட்டை போடுவதென்றால் பெரும்பாலான அக்வாமரைனுக்குக் கட்டாது. கூலி போகிறது, எடை போகிறது, சான்றிதழ் இருந்தால் அதிலுள்ள எடையும் அளவும் பொருந்தாமல் போய் மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. 3 கேரட், 2 கேரட் என்ற முழு எண்ணுக்குக் கீழே இறங்கினால் கேரட் விலையே தணிகிறது. நல்ல நீலமும் நல்ல மாணிக்கமும் வேறு கணக்கு, அங்கே பட்டை திருந்தினால் கேரட் விலை ஏறும்.

போட்டுக்கொள்வதற்கு என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இப்போது இருக்கிறபடி அந்தக் கல்லை நீங்கள் போடுகிறீர்களா? பீரோவில் கிடக்கும் மூன்றரைக் கேரட்டால் யாருக்கும் பயனில்லை. மாமனார் சொன்னதற்கும் இதைத்தான் சொல்வேன். காசு கொடுத்து வாங்கியது போட்டுக்கொள்ளத்தானே.

மார்ச் 5

வாசகி முடிவெடுத்துவிட்டார், நடுவழிக்கே போகிறாராம். மாமனாரே கூட வருகிறாராம், அதில் எனக்குக் கல் திருந்துவதைவிடச் சந்தோஷம். கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

கழற்றிய கல்லை உங்கள் கண்ணெதிரில் எடைபோட்டு, மூன்று அளவுகளையும் ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுங்கள், உள்ளே இருக்கும் சின்னப் புள்ளியோ கோடோ தெரியும்படி. கல் மாறிவிடுமோ என்ற பயத்துக்கு அந்தப் புள்ளிதான் சாட்சி. விரிசல் ஏதாவது விளிம்பைத் தொடுகிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டால் அரக்குச் சூடு வேண்டாம், பசை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். "ஜொலிக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். "அகலம் 9க்குக் கீழ போக வேண்டாமுங்க, அதுக்குள்ள ஜன்னல் எவ்வளவு மூடுமோ அவ்வளவு போதுமுங்க" என்று எண்ணோடு சொல்லுங்கள். நடுவில் ஏதாவது மாறினால் நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மோதிரத்துக்கும் சேர்த்து யோசியுங்கள். 12க்கு 10ல் செய்த கூடு புதுக் கல்லுக்குத் தளரும், பத்தர் கூட்டையே மாற்ற வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல் வந்தபின் கூடு செய்யக் கொடுங்கள், முன்கூட்டியே அளவு சொல்லிவிட வேண்டாம். முன்பு கடையில் செய்தது போலவே பின்பக்கம் திறந்திருக்கட்டும், கழுவ வசதி. சப்பாத்தி மாவு பிசையும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.